கிருமியின் சிக்கனம்

1940-ஆம் வருஷம் ஜூன் 14-ந் தேதி ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகருக்குள் புகுந்தன. அந்நிய ஆட்சியில் ஒரு நகரம் எவ்வாறு வாடும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதை அனுபவித்த பரம்பரையில் வந்தவர்கள் நாம். அந்த நாட்களில், ஸோர்பான் சர்வகலாசாலையின் பரிசோதனைச் சாலை ஒன்றில், ஜாக் மோனோ என்ற முப்பது வயது விஞ்ஞானி கிருமிகளுக்குச் சர்க்கரை ஊட்டிக்கொண்டிருந்தார். தேசம் பறிபோன வேளையில் இது என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் குடலில் வாழும் 'ஈ. கோலி' என்னும் கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 500 அடங்கும். தக்க உணவு கிடைத்தால் 20 நிமிஷத்தில் ஒன்று இரண்டாகிவிடும். மோனோ இவற்றுக்குத் திராட்சைச் சர்க்கரையையும் பால் சர்க்கரையையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தார். கிருமிகள் மளமளவென்று பெருகின, திடீரென்று நின்றன, சிறிது நேரம் சென்றபின் மறுபடியும் பெருகலாயின. திராட்சைச் சர்க்கரை தீர்ந்த பிறகே அவை பால் சர்க்கரையைத் தொட்டன! இடையில் ஏன் இந்த மௌனம்?

1940 டிசம்பரில் மோனோ இதைப் பெரியவர் ஆந்த்ரே ல்வோஃபிடம் காட்டினார். உணவுக்கு ஏற்றபடி கிருமி புதிய என்ஸைம்களை உண்டாக்கிக்கொள்வதோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்றார் அவர். அந்த ஒரு சொல்லே மோனோவின் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

ஆனால் அவர் பரிசோதனைக் குழாய்களோடு மட்டும் காலம் கழிக்கவில்லை. எதிரிகளுக்கு விரோதமான இரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். தம் அறைக்கு வெளியே நின்ற ஒட்டைச்சிவிங்கி எலும்புக்கூட்டின் கால் எலும்புகளுக்குள் இரகசியக் காகிதங்களை ஒளித்து வைத்தார் என்பார்கள். 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை பெற்றது. அதே மாதத்தில், சுதந்திர பிரெஞ்சுப் படையில் வைத்தியப் பணி புரிந்த பிரான்ஸுவா ஜாகோப் என்ற இளைஞர் நார்மண்டியில் படுகாயமுற்றார். ரண சிகிச்சை நிபுணராகும் ஆசை அதனோடு அழிந்தது. அவர் பின்னர் பாஸ்டர் ஸ்தாபனத்துக்கு வந்து மோனோவின் துணைவரானார். கிருமியின் மௌனத்துக்கு இருவரும் 1961-க்குள் பொருள் கண்டார்கள்.

பால் சர்க்கரையை உள்ளே விடும் வாயிலும், அதைப் பிளக்கும் என்ஸைமும் எப்படி அமைய வேண்டும் என்பது கிருமியின் ஜீன்களில் எழுதியிருக்கிறது. அந்த ஏட்டின்மேல் ஒரு காவற்காரன் உட்கார்ந்து, படிக்கவொட்டாமல் தடுக்கிறான். பால் சர்க்கரை உட்புகுந்து சிறிது உருமாறி அவனைப் பற்றியதும், அவன் எழுந்து விலகுகிறான், வேலை தொடங்குகிறது. வாயிலே இல்லாவிட்டால் முதல் துளி எப்படி நுழையும்? காவற்காரன் எப்போதாவது சற்று அசைவதால், சில வாயில்களும் சில என்ஸைம்களும் எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கின்றன. அவை போதும்.

திராட்சைச் சர்க்கரையின் முதலுரிமைக்கும் காரணம் உண்டு. அது உள்ளே வரும்போதே அதற்கு ஒரு பாஸ்பேட் முத்திரை இடப்படுகிறது. முத்திரையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையாய் நிற்கும் ஒரு புரதம், பால் சர்க்கரையின் வாயிலில் போய் அடைத்துக்கொள்கிறது. திராட்சைச் சர்க்கரை தீர்ந்தால்தான் வழி திறக்கும். அப்புறம் கருவிகளைப் பெருக்கிக்கொள்ளச் சற்று அவகாசம் வேண்டும் அல்லவா? அதுவே அந்த மௌனம். வேண்டாத கருவியைச் செய்து வைப்பதும் வீண் செலவு என்பதைக் கிருமி அறிந்திருக்கிறது!

ல்வோஃப், மோனோ, ஜாகோப் மூவருக்கும் 1965-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதைவிடப் பெரிய பலன் நம் வீடுகளுக்கு வந்தது. 1978-ல் மனித இன்ஸுலினைக் கிருமியினுள் முதன்முதலாக உண்டாக்கியபோது, அதன் ஜீனை இந்தப் பால் சர்க்கரைக் காவலின் கீழேயே விஞ்ஞானிகள் பொருத்தினார்கள். இன்று நீரிழிவால் வருந்தும் எத்தனையோ பேருக்குக் கிருமிகள் இன்ஸுலின் செய்து தருகின்றன.

அடிமைப்பட்ட நகரில், நாளை என்ன ஆகுமோ என்ற நிலையில், ஒரு கோட்டில் தெரிந்த சிறு தடங்கலை 'கருவியின் கோளாறு' என்று மோனோ தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை. நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்த அதே மனிதர் உண்மைக்காகவும் பொறுமையோடு காத்திருந்தார். இரண்டும் தேச சேவைதான் என்பதை நம் இளைஞர்கள் நினைவில் கொள்வார்களாக.