விஷம் எந்த வழியாகப் போனது?

பதுளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் கிராமக்சோன் என்றால் தெரியாதவர் குறைவு. தேயிலை மலைகளில் புல்லுக்கு அடித்த பரகுவாட் மருந்துதான் அது. வாய்க்குள் ஒரு மிடறு போனால் ஆள் பிழைப்பது அரிது. காயமில்லாத தோலில் பட்டாலோ, உள்ளே ஊறுவது சொற்பம். பலர் அதைக் குடித்து மாண்டதால் 2008 முதல் 2011 வரை இலங்கையில் படிப்படியாகத் தடைசெய்தார்கள்.

அதே மருந்து முட்டை மேல் பட்டால்? மல்லார்டு வாத்து முட்டைகளில் சோதித்தபோது உள்ளே கருக்கள் செத்தன. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கரு மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். மருந்து இறங்குவதும் அதே வழியாகத்தான். தரையில் முட்டையிடும் காட்டுக்கோழிக்கு இது சின்ன விஷயமல்ல.

மருந்து கடுமையானதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வழியாக உள்ளே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். பறவையின் உடலில் அந்த வழிகள் நம்முடையவை போல இல்லை.

கோழி அறுக்கும்போது ஒரு தடித்த பைக்குள் மணலும் பொடிக்கல்லும் கிடக்குமே, அதுதான் அரைவைப்பை. பல் இல்லாத பறவை இரையை அரைக்கக் கல் பொறுக்குகிறது. மண்ணில் போடும் கார்போபியூரான் என்ற பூச்சிமருந்தின் குறுணல் அதன் கண்ணுக்குக் கல்லாகவோ விதையாகவோ தெரியும். ஒரே ஒரு மணி சின்னக் குருவியைக் கொன்றுவிடும். மல்லார்டு வாத்துக்கோ, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம்கூட வேண்டாம். அமெரிக்கா 1990-களில் அந்தக் குறுணலின் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது இதனால்தான்.

கால் வழியும் உண்டு. அமெரிக்காவில் புறாக்களையும் சிட்டுக்குருவிகளையும் ஒழிக்க, பென்தியான் என்ற பூச்சிமருந்து ஊறிய திரி வைத்த கம்பிகளைக் கட்டினார்கள். வந்து உட்கார்ந்தாலே போதும், பாதத் தோல் வழியாக விஷம் ஏறிவிடும். அப்படிச் செத்தவற்றைத் தின்ற ஆந்தையும் வல்லூறும் வாய்வழியாகச் செத்தன. பாதத்தில் ஏறாவிட்டாலும், சிறகில் பட்டது தப்பாது: அலகால் கோதும்போது வயிற்றுக்குள் போகும்.

மூச்சுதான் இன்னும் மோசம். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது, இரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள சுவர் மிக மெல்லியது. ஒட்டாத சட்டியின் டெப்லான் துண்டை விழுங்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் எழும் புகையில் கூண்டுக்கிளி சில நிமிடங்களில் விழுந்துவிடும்.

லயத்துக்குப் பின்னால் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மரக்கறித் தோட்டத்துக்கு மருந்தடித்த அன்று கோழிகளை அடைத்துவையுங்கள், குறுணல் போட்டால் மண்ணால் மூடிவிடுங்கள்.