வெளியேறியவர்கள் பட்டியல்

ராத்திரிச் சாப்பாடு முடிந்து அடுப்படியைத் துடைத்துவிட்டு, எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறப்பேன். பெயர்களைத் தள்ளிக்கொண்டே அடிவரை போனால், முன்பு இருந்தவர்களைக் காட்டும் ஒரு வரி கிடக்கும். அதைத் தொட்டால் கடந்த 60 நாளில் குழுவைவிட்டுப் போனவர்கள் யார் யார் என்று தெரியும். முன்பெல்லாம் ஒருவர் போனால் எல்லாரும் பார்க்கும்படி ஒரு வரி விழும். 2022 ஆகஸ்டில் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது அட்மின்களுக்கு மட்டுமே தகவல் வரும். சத்தமில்லாமல் போய்விடலாம்.

அந்தப் பட்டியலை ஏன் பார்க்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருச்சி உறையூர்க்காரி. முப்பத்து மூன்று வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஆரம்பத்தில் டிரங்க் கால் பிரிவு. காதில் ஹெட்போன், எதிரில் போர்டு. யார் பேசுகிறார்கள், என்ன சாதி, பணக்காரரா ஏழையா எதுவும் தெரியாது, குரல் மட்டும்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி லைன் கொடுத்துப் பழகியவள், குழு நடத்துவதில் எனக்கென்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். 2020இல், ஊரடங்கு நாளில், நானும் இரண்டு தோழிகளும் ஆரம்பித்தோம். அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். பிறகு 512 ஆயிற்று, 2022 கடைசியில் 1024. வாசல் அகல அகல ஆட்களும் வந்தார்கள். இப்போது எண்ணூறு பேருக்குக் கிட்ட இருக்கிறோம். குழுவின் முகப்பில் நானே எழுதி வைத்தேன்: எல்லாரும் வரலாம். அது போதும் என்று நம்பியிருந்தேன்.

போதவில்லை என்று தெரிய ஒரு கறிவேப்பிலைச் செடி வேண்டியிருந்தது.

இலை மஞ்சளாகிறது என்று ஒருவர் படம் போட்டிருந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன் பதில் எழுதினான். அவன் எழுதிய முதல் பதிவே அதுதான். மீன்கழிவும் வெல்லமும் சம எடை, பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி மூன்று நான்கு வாரம் நிழலில், பிறகு தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும் என்று மீன் அமிலம் போடும் முறையை அளவோடு சொல்லியிருந்தான். எங்கள் வீட்டில் கருவாடு கழுவின தண்ணியைக்கூடச் செடிக்குத்தான் ஊத்துவோம் என்று கடைசியில் ஒரு வரி. கொஞ்ச நேரத்தில் ஒருவர், “இங்கே ஆச்சாரமான குடும்பங்கள் இருக்கோம், இந்த நாத்தமெல்லாம் வேண்டாமே” என்றார். பையன் பணிவாக, இயற்கை விவசாயத்தில் எல்லாரும் செய்வதுதான் சார் என்றான். உடனே அவர் கேட்டார்: “தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?”

அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டாம். ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா என்பதுதான் அது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தாரே, அந்தச் சொல். சொல்லை உச்சரிக்காமலே அதைக் கேட்டுவிட முடியும்.

நான் என்ன செய்தேன்? இரண்டு பேர் பதிவையும் அழித்தேன். “சண்டை வேண்டாம் நண்பர்களே, தோட்டத்தைப் பத்தி மட்டும் பேசுவோம்” என்று போட்டு, கைகூப்பும் பொம்மையும் வைத்தேன். நியாயமாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

மறுநாள் அந்தப் பையன் குழுவில் இல்லை. அந்த வாரத்துக்குள் இன்னும் ஆறு பேர். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆறு பேரில் பழகின பெண் ஒருத்தி உண்டு. துறையூர்ப் பக்கம், தையல் வேலை செய்கிறவள். போன் போட்டேன். கொஞ்ச நேரம் தக்காளி, மழை என்று பேசிவிட்டு, பிறகு சொன்னாள்: “அம்மா, அந்தத் தம்பி சண்டை போடலை. உரத்துக்கு வழி சொன்னான். கேட்கக் கூடாததைக் கேட்டது அவரு. நீங்க ரெண்டையும் ஒண்ணாப் பெருக்கித் தள்ளிட்டீங்க. அப்ப நாங்க அங்க என்னத்தைப் பேசுறது?”

போனை வைத்த பிறகு வெகுநேரம் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் யார் பக்கமும் சாயவில்லை என்று நினைத்திருந்தேன். என் கைகூப்பு, கேட்டவர் பக்கம்தான் நின்றிருக்கிறது. அவர் குழுவில் இருந்தார், கேட்கப்பட்டவன் போய்விட்டான்.

சட்டப்படி இதற்கு நான் பொறுப்பில்லை. உறுப்பினர் போடும் பதிவுக்கு வாட்ஸ்அப் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பையனைக் குழுவுக்குள் கூப்பிட்டது நான். வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே ஒருவர் அப்படிக் கேட்டால், வீட்டுக்காரி திண்ணையைப் பார்த்துக்கொண்டு நிற்பாளா?

தோழிகளோடு கலந்து பேசினேன். என் மகன் கணினித் துறையில் இருக்கிறான். அவன் சில விவரங்களைத் தேடிக் கொடுத்தான். அதில் இரண்டு என் மனசில் அப்படியே நின்றுவிட்டன. ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவைப் பற்றியது. 2007 வரை ஏறிக்கொண்டே போன பங்களிப்பாளர் எண்ணிக்கை அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. ஏன் என்று ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். விஷமிகளைத் தடுக்க வைத்த தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்ல மனதோடு வந்த புதியவர்களின் எழுத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்திருக்கின்றன. முதல் நாளே அடி வாங்கினவர் மறுபடி வரவில்லை. கறிவேப்பிலை விஷயத்தில் நான் செய்ததும் அதுவே.

இன்னொன்று, நேத்தன் மத்தையஸ் என்ற ஆய்வாளர் ரெடிட் தளத்தில் செய்த சோதனை. 1.3 கோடிப் பேர் சேர்ந்திருந்த ஓர் அறிவியல் குழு, 2,190 விவாதங்கள். சிலவற்றின் தலையில், என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது, மீறினால் என்ன நடக்கும், இதைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று எழுதி ஒட்டினார்கள். சிலவற்றில் எதுவும் இல்லை. விதி தெரிந்தால் புதியவர்கள் பயந்து ஒதுங்குவார்கள் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். நடந்தது நேர்மாறு. ஒட்டிய இடங்களில் புதியவர்கள் பேசுவது சராசரியாக 70 சதவீதம் கூடியது. விதியை மதித்தவர்களும் 8 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடினார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வு இது. எனக்கு அது உடனே புரிந்தது. கண்டக்டர் தட்டிக் கேட்பார் என்று தெரிந்தால்தானே ராத்திரி பஸ்ஸில் பெண்பிள்ளை தைரியமாக ஏறி உட்காருகிறாள்.

“எல்லாரும் வரலாம்” என்ற வரியை எடுத்துவிட்டு வெளிப்படையாக எழுதினோம். சாதி, மதம், ஊர்ப் பக்கம் கேட்கக் கூடாது. எந்த உரத்தையும் சாப்பாட்டையும் அசிங்கம் என்று சொல்லக் கூடாது. பிடிக்காதவர் போடாமல் இருக்கலாம். கேட்காமல் யாருக்கும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. மீறினால் அட்மின்கள் எல்லார் முன்னாலும் சொல்வோம். அந்தக் கேள்வியைக் கேட்டவரிடமும், பழைய சம்பவத்தைக் குறிப்பிட்டு, அது தவறு என்று குழுவிலேயே எழுதினேன். அழித்தது என் தவறு என்பதையும் எழுதினேன். அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு விலகிவிட்டார். அவர் பெயரும் பட்டியலில் வந்தது.

தனிச்செய்தி விதிதான் எங்களை அதிகம் சோதித்தது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் போன் நம்பர் எல்லார் கண்ணிலும் படும். கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி என்று ஒரு பெண் கேட்டால், குழுவில் ஒரு பதில் வரும். ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக ‘சாப்டாச்சா?’ என்று இன்னொன்று வரும். பல பெண்கள் கேள்வி கேட்பதையே நிறுத்தியிருந்தார்கள். இதைச் செய்தவர்களில் ஒருவர், எங்களுக்கு அதிகமாக விதை கொடுத்தவர். நாட்டுக் கத்தரி, சுரை, பீர்க்கு என்று ஆடிப்பட்டத்துக்கு முன்னால் கவர் கவராக, தபால் செலவும் தானே போட்டு அனுப்புவார். அவரை எடுக்க வேண்டுமா என்று நாங்கள் மூவரும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். நல்ல மனுஷன், ஏதோ விளையாட்டாக என்று என் வீட்டுக்காரர்கூடச் சொன்னார். அந்தத் தனிச்செய்திகளை நான்கு பெண்கள் படம்பிடித்து எங்களுக்கு அனுப்பியிருந்ததை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

எடுத்துவிட்டோம். அந்த வருடம் விதை குறைந்தது உண்மை. ஆனால் ஒரு மாதத்துக்குள், அதுவரை படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். பாட்டி வைத்திருந்த மிதிபாகல் விதை என்னிடம் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். மூன்று வருடமாகக் குழுவில் இருந்தவள் அவள். எல்லாரையும் வரவேற்பது என்றால் எல்லா நடத்தையையும் வரவேற்பது என்று நினைத்துத்தான் நாங்கள் அவளை மூன்று வருடம் வாய்மூடி வைத்திருக்கிறோம். நம்பரே தெரியக் கூடாது என்கிறவர்களுக்காக டெலிகிராமிலும் ஒரு குழு திறந்தோம். அங்கே எண்ணை மறைத்துக்கொள்ள முடியும்.

போனவர்களுக்கு நானே போன் செய்வது வழக்கமாயிற்று. குறை கேட்க என்று சொன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். செடி எப்படி இருக்கிறது என்று ஆரம்பிப்பேன். அப்படித்தான் ஒரு பார்வையற்ற சாரிடம் பேசினேன். ஓய்வுபெற்ற இசை ஆசிரியர். தொட்டும் முகர்ந்தும் துளசி, புதினா, திருநீற்றுப்பச்சிலை வளர்க்கிறவர். அவர் கைபேசி திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும். “அம்மா, உங்க குழுவில் ஒரு நாளைக்கு நூறு படம். என் போன் ஒவ்வொண்ணுக்கும் ‘போட்டோ’ன்னு மட்டும் சொல்லும். யாராவது ரோஜா பொம்மை இருபது போட்டா, இருபது தடவை ரோஜா, ரோஜான்னு வாசிக்கும். காலையில் அதைக் கேட்டு முடிக்கவே அரைமணி.” அவர் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது.

படம் போட்டால் அடியில் ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். ‘என் செடி’ என்று எழுதினால் பயனில்லை. ‘மிளகாய்ச் செடி, நுனி இலை மேல்பக்கமாகச் சுருண்டிருக்கிறது, அடியில் பூச்சி தெரியவில்லை’ என்று எழுத வேண்டும். முதலில் முணுமுணுப்பு. பிறகு ஓர் அதிசயம். செடியை உற்றுப் பார்த்து எழுத வேண்டியிருந்ததால், பாதிப் பேருக்கு எழுதும்போதே நோய் இன்னதென்று பிடிபட்டது. எழுதத் தெரியாதவர்கள் குரலில் அனுப்புவார்கள். அதை எழுத்தாக்கிப் போடுவது என் வேலை; குழுவில் காது கேளாதவர் இருவர் இருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் கேட்டதை எழுதிப் பழகின கை இதற்கு உதவுகிறது.

சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வவுனியாவிலிருந்து ஒரு தங்கை சேர்ந்திருந்தாள். ‘போஞ்சிக்குக் கொழுகொம்பு எப்ப கட்டவேணும்?’ என்று கேட்டாள். பீன்ஸைத்தான் கேட்கிறாள். அது என்ன பஞ்சா, போஞ்சா என்று நாலு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் அடுத்த கேள்வியை அவள் எங்களிடம் கேட்க இரண்டு மாதம் ஆயிற்று. டச்சுக்காரர் வாயிலிருந்து சிங்களத்துக்கும் அங்கிருந்து இலங்கைத் தமிழுக்கும் வந்த சொல் அது. நம் பீன்ஸ் ஆங்கிலத்திலிருந்து வந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அவளையே கேட்டு ஒரு காய்கறிப் பெயர்ப் பட்டியல் போட்டோம். சர்க்கரைவள்ளி அவர்களுக்கு வத்தாளங்கிழங்கு. நம் ஊருக்குள்ளேயே கொத்தவரங்காய் தெற்கே போனால் சீனியவரைக்காய். பட்டியல் இப்போது நீண்டுகொண்டே போகிறது. தினமும் யாராவது தங்கள் ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

மீன் அமிலம் சொன்ன பையன் திரும்பி வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். நல்லபடியாகப் பேசினான், நான் மன்னிப்புக் கேட்டதையும் கேட்டுக்கொண்டான். வேலை அதிகம் அம்மா என்றான். மூன்றாம் முறை கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய எனக்கு உரிமையில்லை. 60 நாள் கழிந்ததும் பட்டியலிலிருந்து அவன் பெயர் மறைந்துவிட்டது. என் நோட்டில் இருக்கிறது.

புதியவர் ஒருவர் முதல் தடவை எழுதினால் அன்றைக்குள் யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் மூவருக்குள் ஒப்பந்தம். மற்றவர்கள் சொல்லாவிட்டால் நாங்கள் சொல்வோம். நேற்றுக் காலை ஒரு பெண் எழுதியிருந்தாள், தமிழை ஆங்கில எழுத்தில்: வாடகை வீடு, மாடிக்கு விட மாட்டார்கள், கிழக்கே ஒரே ஒரு ஜன்னல், அதில் ஏதாவது வளர்க்க முடியுமா? நான் பதில் தட்ட ஆரம்பிப்பதற்குள் வவுனியாவிலிருந்து வந்து விழுந்தது:

“வல்லாரை வையுங்கோ அக்கா. காலை வெயில் காணும். மண் காயாமப் பாத்தாச் சரி.”