உஷார்! தானாக வளரும் என்று நம்பிக் கல்லீரலைக் குடியில் விடாதீர்கள்

"கல்லீரல்தானே, வெட்டினாலும் வளந்துக்கும்." ஒரத்தநாடு, பாபநாசம் பக்கம் டீக்கடையில் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தச் சமாதானம் வந்து விழுகிறது. பாதி உண்மையாக இருப்பதால்தான் இது இத்தனை ஆபத்து.

வளர்வது உண்மை. 1931-ல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். ஓரிரு வாரத்தில் பழைய எடைக்கு வந்துவிட்டது. ஆனால் அது குடி அறியாத கல்லீரல். வாரக்கணக்கில் மது கொடுத்த எலிகளுக்கு இதே அறுவையைச் செய்தபோது, செல் பிரிவதற்கு முன் நடக்கவேண்டிய டிஎன்ஏ நகலெடுப்பே பிந்தியது, குறைந்தது.

காரணம் செல்லின் வாசலிலேயே இருக்கிறது. 'வளர்' என்ற சேதியை இஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் கொண்டுவர, செல்லின் மேலுறையில் உள்ள ஏற்பிகள் வாங்கி உள்ளே அனுப்பவேண்டும். தொடர்ந்த குடி அந்த ஏற்பிகளை மந்தமாக்குகிறது. மேட்டூரில் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான். போதாததற்கு, செல் பிரிவதற்குத் தடை போடும் பி21 என்ற புரதமும் ஏறுகிறது.

இதைவிடக் கொடுமை, நல்ல செல் வளராத அதே இடத்தில் தழும்பு வளர்வது. மதுவால் குடல்சுவர் கசிந்து, பாக்டீரியா நச்சு கல்லீரலுக்கு வந்து அழற்சியைக் கிளப்புகிறது. அதுவரை கல்லீரலுக்குள் சும்மா இருந்த நட்சத்திரச் செல்கள் கிளம்பி நார்த்திசுவைக் கொட்டுகின்றன. சிரோசிஸ் என்பது இதுதான். புற்றுநோயும் பெரும்பாலும் இந்தத் தழும்புக்குள்தான் முளைக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது எல்லோரும் பதறினோம். கடைச் சரக்கு என்றால் பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் மேலே சொன்ன கல்லீரல் சேதம் அத்தனையும் சீல் பிரிக்காத பாட்டிலில் இருக்கும் எத்தனாலின் வேலை! 42.8 சதவீதம் என்று அச்சடித்த 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அளவு மீறிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடவு முடிந்து, மூட்டை தூக்கி முடிந்து, உடம்பு வலிக்கென்று தினமும் ஒன்று போடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

அதே வலிக்குப் பாராசிட்டமாலையும் அள்ளிப் போடாதீர்கள். குடித்துப் பழகிய கல்லீரல் அந்த மாத்திரையைக் கூடுதலாக விஷமாக்கும். மருத்துவரிடம் அளவு கேட்காமல் தொடவேண்டாம். கண் மஞ்சளானதும் வரப்பில் கீழாநெல்லி பறித்து அரைத்துக் குடித்துவிட்டு, சாயங்காலம் மறுபடி கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கைவிடவேண்டியது குடி, போகவேண்டியது ஆஸ்பத்திரி.

ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடிக்காமல் இருப்பவர்களுக்குக் கல்லீரலில் படிந்த கொழுப்பு வடியத்தான் செய்யும். மாலையைக் கழற்றிய அன்றே பாட்டிலைத் திறந்தால் அத்தனையும் வீண். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து அரசு மருத்துவமனையிலோ காட்டி, மருந்தோடு நிறுத்துங்கள்.

வயிறு ஊதுவது, கால் வீங்குவது, பகலில் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பது தெரிந்தால் அந்த வாரமே காட்டுங்கள். ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே 108.