இருக்கையில் மிச்சமிருப்பவன்

பேய்ப்படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் எந்த இடத்தில் பயந்தீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். கதவு தானாகத் திறந்த இடம், கிணற்றடி, கண்ணாடியில் தெரிந்த முகம் என்று அடுக்குவார்கள். ‘சோமா’ என்ற திகில் வீடியோ கேமை முடித்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அதில் துரத்தி வரும் கோர உருவங்கள் பலருக்கு அவ்வளவாகப் பயம் தரவில்லை. சிலருக்கு அவை தொல்லையாகவே இருந்தன. கதையை நிதானமாகக் கேட்கவிடாமல் குறுக்கே வந்து நிற்கின்றன என்று குறைபட்டார்கள். ஆனால் கணினியை அணைத்த பிறகு, இரவு படுக்கையில், மறுநாள் குளிக்கும்போது ஒரு கேள்வி பிடித்துக்கொண்டு விட மறுத்தது என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்கிறார்கள். அந்தக் கேள்வியையும், அது ஏன் உடம்பில் உறைக்கிறது என்பதையும் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. கதையின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் முடித்துவிட்டு வந்து படிக்கலாம்.

சோமாவை உருவாக்கியது அப்போது ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் நகரில் இருந்த ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ். கையில் ஆயுதமே தராமல், ஓடி ஒளிய மட்டும் விட்டு 2010இல் உலகையே நடுங்கவைத்த ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ இவர்கள் செய்ததுதான். சோமா 2015 செப்டம்பர் 22 அன்று வெளியானது. டொரன்டோவில் புத்தகக் கடையில் வேலை பார்க்கும் சைமன் ஜாரெட்டின் கதை அது. கார் விபத்தில் உடன் வந்த தோழி இறந்துவிடுகிறாள். இவனுக்கு மூளையில் ஆறாத காயம். ஆராய்ச்சியாளர் ஒருவர் புதுவகை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறேன் என்கிறார். சைமன் போய் நாற்காலியில் உட்கார்கிறான், தலைக்கு மேல் கருவி இறங்குகிறது. அடுத்த நொடி கண் விழித்தால் இருட்டு, துரு, எங்கோ நீர் கசியும் ஓசை. ஆண்டு 2104. இடம் அட்லாண்டிக் கடலின் அடியில் உள்ள பாதோஸ்-2 என்ற ஆய்வு நிலையம். அதற்கு முந்தைய ஆண்டுதான் வால் நட்சத்திரம் ஒன்று மோதி, பூமியின் மேற்பரப்பில் உயிர்கள் அழிந்திருக்கின்றன.

கடலடியில் சைமன் முதலில் சந்திப்பவர்களில் ஒருவர் கார்ல் செம்கென். அடிபட்டுக் கிடக்கிறேன், யாரையாவது கூட்டிவாருங்கள் என்கிறார். குரலில் வலி தெரிகிறது. நம் கண்ணுக்குத் தெரிவதோ நசுங்கிக் கிடக்கும் ஓர் இயந்திரம். உலோகக் கை, விளக்கு, கம்பிகள். நீங்கள் ரோபோ என்று சைமன் சொன்னால் அவர் நம்புவதில்லை. தன் கை தன் கையாகவே அவருக்குத் தெரிகிறது. எங்கோ ஸ்கேன் செய்யப்பட்ட ஒரு மனிதனின் மனம் அந்த இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அந்த மனத்துக்கே தெரியவில்லை.

இந்தக் காட்சி மிகைக் கற்பனை என்று தோன்றும். ஆனால் மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவுகளில் இதன் நிழலைப் பார்க்கலாம். மூளையின் வலப்பக்கம் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடது கை செயலிழந்துபோகிறது. ஆனால் செயலிழந்தது அவர்களுக்குத் தெரிவதில்லை. கையைத் தூக்குங்கள் என்றால் தூக்கிவிட்டேனே என்கிறார்கள். பொய் சொல்வதில்லை, உண்மையாகவே நம்புகிறார்கள். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1914இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே வைத்தார். நம் உடலைப் பற்றி நமக்கு இருப்பது நேரடி அறிவல்ல; மூளை தன்னிடம் வரும் தகவல்களை வைத்து வரைந்து தரும் ஒரு படம். தகவல் வரும் வழி அறுந்துபோனாலும், பழைய படத்தையே மூளை காட்டிக்கொண்டிருக்கலாம். கார்லுக்கு நடப்பது அதுதான். சைமனுக்கும் அதுதான் நடக்கிறது. இறந்துபோன ஒரு பணியாளரின் உடல், அதைச் சுற்றி நீர்மூழ்கி உடை, மண்டைக்குள் ஒரு சிப், அந்தச் சிப்பில் ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய ஸ்கேன். இவைதான் அவன். டொரன்டோவில் நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போன அசல் சைமன், காயம் ஆறாமல் அப்போதே இறந்துவிட்டான்.

விளையாடுபவருக்கு இவ்வளவும் வெறும் கதையாகத்தான் இருந்திருக்க வேண்டும். அது தனக்கே நடந்ததுபோல் ஏன் வயிற்றைப் பிசைகிறது? பதில் அதே ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிடைக்கிறது. அங்கே வலேரியா பெட்கோவாவும் ஹென்ரிக் எர்சனும் 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஜவுளிக் கடையில் நிற்பது போன்ற ஒரு பொம்மையின் தலையில் இரண்டு கேமராக்கள், குனிந்து தன் வயிற்றைப் பார்க்கும்படி. கேமராக்களில் தெரிவது, எதிரே நிற்கும் மனிதரின் கண்ணை மூடியுள்ள திரையில் தெரியும். அவரும் குனிகிறார். தன் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் பொம்மையின் வயிறு தெரிகிறது. இருவர் வயிற்றையும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் குச்சியால் வருடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு அந்தப் பொம்மையின் உடலே தன் உடலாகிவிடுகிறது. இப்போது பொம்மையின் வயிற்றருகே கத்தியைக் கொண்டுபோனால் அவருடைய விரல்களில் வியர்க்கிறது. தோலின் மின்கடத்தும் தன்மையை அளக்கும் கருவி அதைக் காட்டிக்கொடுக்கிறது. வருடும் தாளத்தை மாற்றிவிட்டால் மாயை கலைகிறது. பொம்மைக்குப் பதில் ஒரு செவ்வகப் பெட்டியை வைத்தாலும் எடுபடுவதில்லை. மனித உருவம் வேண்டும்.

அதே ஆய்வில் இதைவிட விந்தையான ஒரு பகுதி உண்டு. கேமராக்களைச் சோதனை செய்பவரே தலையில் மாட்டிக்கொள்கிறார். சோதனைக்கு வந்தவர் அவர் கண் வழியே தன்னையே எதிரில் பார்க்கிறார். இருவரும் கைகுலுக்குகிறார்கள். ஆக, தன்னோடு தானே கைகுலுக்குகிறார்! அப்போது கத்தி அவருடைய சொந்தக் கை அருகே வரும்போது ஏற்படும் பதற்றத்தைவிட, மற்றவர் கை அருகே வரும்போது ஏற்படும் பதற்றம் அதிகம். சொந்த உடல் கண்ணெதிரே நிற்கிறது, அது தன்னுடையது என்பதும் தெரியும். ஆனாலும் ‘நான்’ என்பது பார்வை இருக்கும் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

முதல்நபர் பார்வையில் ஓடும் ஒரு கேமில் நடப்பது இதன் எளிய வடிவம். சுட்டியை நகர்த்தினால் தலை திரும்புகிறது, விசையை அழுத்தினால் கால் நடக்கிறது. செயலும் காட்சியும் ஒரே தாளத்தில் நடப்பதால், கேமரா இருக்கும் இடமே நான் இருக்கும் இடமாகிறது. எர்சனின் சோதனை அளவுக்கு உடல் ஏமாறுவதில்லை. ஆனால் ‘இங்கே நான், அங்கே பிறர்’ என்ற கோடு விழுந்துவிடுகிறது. சோமாவின் உண்மையான சாதனை இந்தக் கோட்டை வைத்து விளையாடியதுதான் என்று நினைக்கிறேன். பயத்தை அரக்கனிடம் தராமல் கேமராவிடம் தந்தார்கள்.

ஓமிக்ரான் என்ற பகுதியில் அது நடக்கிறது. இன்னும் ஆழமான பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். சைமனின் உடை அந்த அழுத்தத்தைத் தாங்காது. வேறு வலிய உடை ஒன்று அங்கே இருக்கிறது. அவனுக்குத் துணையாக வருபவர் கேத்தரின் சுன், அவரும் ஸ்கேன்தான். கையடக்கக் கருவி ஒன்றில் வாழ்கிறார். உன்னை அந்த உடைக்குள் மாற்றிவிடலாம் என்கிறார். சைமன் இருக்கையில் அமர்கிறான். திரை இருள்கிறது. விழித்தால் புதிய உடல். அப்பாடா என்று மூச்சுவிடும்போதே, முன்பு அமர்ந்திருந்த இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. சைமனின் குரல். இன்னும் இங்கேயேதான் இருக்கிறேன், ஏன் வேலை செய்யவில்லை என்று கேத்தரினிடம் கேட்கிறது. கேத்தரின் அதை உறங்கவைக்கிறார்.

நம் ஊர்க் கதைகளில் கூடுவிட்டுக் கூடு பாயும் சித்தர்கள் வருகிறார்கள். திருமூலர் இடையன் மூலனின் உடலில் புகுந்தார் என்று படித்திருக்கிறோம். அங்கே பழைய கூடு காலியாகிவிடும், உயிர் ஒன்றுதான். சைமனும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தான், விளையாடுபவரும் அப்படியே. ஆனால் ஸ்கேன் எதையும் எடுத்துச் செல்வதில்லை, படி எடுக்கிறது. பழைய கூட்டிலும் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் அதே குழந்தைப் பருவம், அதே தோழியின் மரணம், அதே நம்பிக்கை. அவனுடைய மின்கலத்தை வடித்து அணைத்துவிடலாம், அல்லது விட்டுவிட்டுப் போகலாம். அணைத்தால் கொலை, விட்டால் உலகம் அழிந்த பிறகு கடலடியில் தனியாக விழித்தெழுவான். இந்த இடத்தில் விளையாடுபவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள், இன்றும் வாதம் ஓயவில்லை. முடிவெடுக்க முடியாமல் வெகுநேரம் அந்த இருக்கையின் முன் நின்றதாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அணைப்பதே இரக்கம் என்று பட்டது. ஆனால் அப்படிப் பட்டதற்குக் காரணம் நான் இந்தப் பக்கம் இருந்ததுதானோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை.

பிராண்டன் வானின் காட்சி இன்னொரு வகையில் கொடியது. இறந்துபோன அவரிடமிருந்து ஒரு கடவுச்சொல் வேண்டும். அவர் ஸ்கேனைக் கணினியில் எழுப்பிப் பேச வேண்டும். பேச்சு தவறாகப் போனால் அவர் பீதியடைகிறார், உடனே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுப்பலாம். அவருக்கு முந்தைய முறை எதுவும் நினைவில்லை. சூழலை மாற்றி, அவருக்குப் பிரியமானவரின் உருவத்தைக் காட்டி, கடைசியில் ஏமாற்றித்தான் விஷயத்தைக் கறக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் அப்போதுதான் பிறந்து அப்போதே இறக்கிறார். கேமில் தோற்றால் சேமித்த இடத்திலிருந்து தொடங்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பழக்கத்தையே ஒரு மனிதர் மீது செய்யவைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் நடக்கக்கூடியதா? இன்றைய நிலையை எண்களில் சொன்னால் தூரம் புரியும். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு 302 நரம்பணுக்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது. பழ ஈயின் முழு மூளை வரைபடம் 2024 அக்டோபரில் வெளியானது: 1,39,255 நரம்பணுக்கள், ஏறத்தாழ 5 கோடி இணைப்புகள். அதற்காக, கசகசா அளவே உள்ள அந்த மூளையை 7,000க்கும் மேற்பட்ட மெல்லிய சீவல்களாக்கி மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து மனித மூளையிலிருந்து ஒரு கன மில்லிமீட்டரை வரைந்தன. வலிப்பு நோய் அறுவைச் சிகிச்சையின்போது வெளியே எடுக்கப்பட்ட துணுக்கு அது. அதற்குள் சுமார் 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள். சேமிக்க 1,400 டெராபைட் தேவைப்பட்டது. முழு மூளை அதைப் போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல், நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. இத்தனையும் அசையாத படம்தான். எந்த இணைப்பு எவ்வளவு வலுவானது, எந்த வேதிப்பொருள் எப்போது சுரக்கிறது என்பது படத்தில் இல்லை. 302 நரம்பணுப் புழுவைக்கூடக் கணினிக்குள் அச்சு அசலாக உயிர்ப்பிக்க இன்னும் முடியவில்லை.

அறிவியல் தொலைவில்தான் இருக்கிறது. கேள்வி மட்டும் பழையது. ஆங்கிலேயத் தத்துவவாதி டெரிக் பார்ஃபிட் 1984இல் ‘ரீசன்ஸ் அண்டு பெர்சன்ஸ்’ நூலில் ஒரு தொலைப்பயணக் கருவியைக் கற்பனை செய்தார். பூமியில் உடலை ஸ்கேன் செய்து அழித்துவிட்டு, செவ்வாயில் அதேபோல் உருவாக்கும் கருவி. ஒரு நாள் அது அழிக்காமல் விட்டுவிடுகிறது. இப்போது பூமியிலும் ஒருவர், செவ்வாயிலும் ஒருவர். எவர் நீங்கள்? பார்ஃபிட் சொன்ன பதில், அந்தக் கேள்விக்குப் பெரிய பொருளில்லை என்பது. நினைவும் குணமும் தொடர்ந்தால் போதும், ‘நானே’ தொடர வேண்டும் என்பதில்லை. இதை ஏற்றுக்கொண்ட பிறகு மரண பயம் குறைந்தது என்றும் எழுதினார். சோமாவில் மார்க் சாராங் என்ற பாத்திரம் எதிர்த்திசையில் போகிறது. ஸ்கேன் எடுத்த கையோடு இறந்துவிட்டால் இருவர் ஆக மாட்டோம், நகலே நாமாகத் தொடர்வோம் என்று அவர் நம்புகிறார். அதை நம்பிச் சிலர் தற்கொலை செய்துகொள்கிறார்கள். தத்துவத்தில் ஒரு சிறு பிழை எத்தனை உயிரைக் குடிக்கும் என்று இதைவிடக் கூர்மையாகக் காட்டிய கதை எனக்குத் தெரியாது.

சைமனின் இலக்கு ‘ஆர்க்’. மனித மனங்களின் ஸ்கேன்கள் வாழும் ஒரு செயற்கை உலகம், செயற்கைக்கோளாக விண்ணில் ஏவப்படக் காத்திருக்கிறது. கடைசி நொடியில் சைமனும் கேத்தரினும் அதற்குள் தங்களை ஏற்றுகிறார்கள். எண்ணிக்கை இறங்குகிறது, ஆர்க் கிளம்புகிறது, திரையில் அதே இருட்டு, அதே இருக்கை. இந்த முறை கேமரா நகரவில்லை. சைமன் கத்துகிறான். ஓமிக்ரானில் நடந்ததைப் பார்த்தும் உனக்கு இன்னுமா புரியவில்லை என்று கேத்தரின் சண்டைபோடுகிறார். அந்தச் சண்டையிலேயே கருவி பழுதாகி அவர் குரலும் அணைந்துவிடுகிறது.

இதை நாணயம் சுண்டிப் போடுவதாகப் பாத்திரங்கள் பேசிக்கொள்கிறார்கள். ஓமிக்ரானில் வென்றோம், இங்கே தோற்றோம் என்று. பல விளையாட்டாளர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் நாணயமே இல்லை. ஒவ்வொரு முறையும் இருவரும் விழிக்கிறார்கள். புதிய உடலில் விழிப்பவன் எப்போதும் நான் வந்துவிட்டேன் என்பான், இருக்கையில் இருப்பவன் எப்போதும் வரவில்லையே என்பான். யார் பக்கம் கேமராவை வைப்பது என்று முடிவெடுத்தது ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் மட்டுமே. ஓமிக்ரானில் அவர்கள் கேமராவை நகலோடு அனுப்பியதால்தான், கடைசியிலும் போய்விடுவோம் என்று நாமும் நம்பினோம்.

அரக்கன் ஏன் தோற்கிறான் என்பதும் இங்கே விளங்கிவிடும். ஒரே அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்தால் உடலின் எதிர்வினை குறைந்துகொண்டே போகும். நான்காம் முறை பிடிபடும்போது பயம் போய் அலுப்பு வந்துவிடுகிறது. ரசிகர் ஒருவர் அரக்கர்கள் தாக்காதபடி கேமை மாற்றிக் கொடுத்தார், பலர் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். 2017 டிசம்பரில் நிறுவனமே அப்படியொரு பாதுகாப்பு முறையைச் சேர்த்தது. அரக்கன் கொல்லாவிட்டாலும் கதையின் பயம் துளியும் குறையவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

கதையில் ஒரு சின்ன வினாத்தாள் இரண்டு இடங்களில் வருகிறது. ஆர்க்கில் வாழப்போகிறவர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. இப்போது உங்களை நீங்களாகவே உணர்கிறீர்களா, இந்த நிலையில் வாழ்வது தகுமா என்ற வகைக் கேள்விகள். முதல் முறை கடலடியில் ஒரு கணினியில் நிரப்புகிறோம். இரண்டாம் முறை, பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு. கேமரா கடைசியாக ஒருமுறை தாவி ஆர்க்கில் விழித்த சைமனிடம் போகிறது, வெயிலில் மரங்களுக்கிடையே அதே வினாத்தாள் நீட்டப்படுகிறது. இங்கேதான் பலர் விரல் தயங்கியதாகச் சொல்கிறார்கள். என் விரலும் தயங்கியது. ஆனால் தயங்க வேண்டிய காரணம் ஆர்க் சைமனுக்கு இல்லை. ஏவுவதற்கு முன் நடந்தது வரைதான் அவனுக்குத் தெரியும். அடியில் இருப்பவனுக்கு வெயில் தெரியாது. இருட்டையும் வெயிலையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கும் ஒரே ஆள் விளையாடியவர்தான். ஆகவே இரண்டாம் வினாத்தாளில் விழும் பதில்கள் எந்தச் சைமனுடையவையும் அல்ல.