தீயைப் பயிலும் கல்வி

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் ஆர்ன்ஹெம் நிலம் என்னும் பெரும்பரப்பு உள்ளது. மழைக்காலம் முடிந்ததும், அதன் மேற்கிலுள்ள மணற்கல் பீடபூமியில் உயர்ந்து வளர்ந்த புற்கள் காயத் தொடங்கும். அவை முற்றிலும் உலரும் முன்பே, குளிர்ந்த நாள்களில், அங்குள்ள தொல்குடி மக்கள் ஆங்காங்கே சிறு தீ மூட்டுவர். அது தரையோடு தவழ்ந்து சென்று, இரவுப் பனியில் தானே அவியும். எரிந்த திட்டுகள் இடையிடையே கிடப்பதால், கோடை முற்றியபின் பற்றும் தீ நெடுந்தொலைவு பரவ இயலாது.

இருபதாம் நூற்றாண்டில் சமயப் பரப்பாளர் குடியிருப்புகளுக்கும் கால்நடைப் பண்ணைகளுக்கும் நகரங்களுக்கும் மக்கள் பெயர்ந்தனர். பீடபூமி ஆளரவமற்றுப் போயிற்று. தீ மூட்டுவார் இல்லாத நிலத்தில் தீ குறைந்திருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ நேர்மாறு. ஆண்டின் பிற்பகுதியில் எழுந்த கடுந்தீ, அப்பகுதிக்கே உரிய அன்பினிக் மரச்சோலைகளின் விளிம்புகளை அரித்தது. பாறை ஓவிய மரபில் வந்த ஓவியர் பர்தாயல் நட்ஜமெரெக் முதுமையில் தம் குடும்பத்தாருடன் பீடபூமிக்கு மீண்டு, தாம் அறிந்த தீயாட்சியை இளையோர்க்குக் கற்பித்தார். அவர் 2009இல் மறைந்தார். அவர் தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைய, அவர்கள் அறிவும் உடன்மறையுமோ என்பதே அங்குள்ளோரின் கவலை.

2006இல் இவ்வறிவுக்குப் பொருள்மதிப்பும் கிடைத்தது. முன்பருவத் தீ குறைவாகவே எரிப்பதால், அதிலிருந்து வெளியாகும் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவையும் குறைகின்றன. (கார்பன் டை ஆக்சைடை மறு ஆண்டுப் புல் ஈர்த்துக்கொள்ளும் என்பதால் அது கணக்கில் சேராது.) டார்வின் நகர இயற்கை எரிவாயு ஆலை, ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இப்பணி நடைபெற ஆண்டுதோறும் நிதியளிக்க உடன்பட்டது. அதற்கடுத்த ஆண்டு முதல் நடுவண் அரசும் தொல்குடி நிலக்காவலர்க்கு ஊதியம் வழங்கலாயிற்று.

ஊதியப் பணிக்குச் சான்றிதழ் துணைநிற்கிறது. இயற்கைப் பாதுகாப்பு, நில மேலாண்மை ஆகியவற்றில் தொழிற்கல்விப் படிப்புகள் உள்ளன. முதலுதவி, மரம் அறுக்கும் பொறி, களைக்கொல்லி, படகு, தரவுப் பதிவு ஆகியன அவற்றுள் அடங்கும். தொட்டாற்சுருங்கி இனத்தைச் சேர்ந்த மிமோசா பிக்ரா என்னும் முட்புதர், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து ஆற்றுச் சமவெளிகளை மூடிக்கொண்டது. அதனை ஒழிக்கும் முறை மூதாதையர் மரபில் இருந்திருக்க இயலாது. புதிதாகவே கற்றாக வேண்டும். அதுபோலவே, உலங்கூர்தியிலிருந்து தீ மூட்டும் முறையும் புதிது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் நிறைந்த சிறு பந்தினுள் கிளைக்கால் செலுத்தப்பட்டுக் கீழே வீசப்படும்; சில நொடிகளில் அது பற்றிக்கொள்ளும்.

இப்படிப்புகளின் இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. மாணவர் பலர்க்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி அல்லது நான்காம் மொழி. விலங்கின் தடம் கண்டு அதன் வயதுரைக்கும் ஒருவர், எழுத்துத் தேர்வில் தோற்கக்கூடும். எனவே பயிற்றுநர் நிலத்துக்கே சென்று, செயலைக் கண்டு மதிப்பிடுவது நல்ல பயிற்சியின் முறையாயிற்று. முன்னரே பெற்ற அறிவும் தகுதியாக ஏற்கப்படுகிறது. ஆயினும் சில இடங்களைப் பற்றிய அறிவு ஆடவர்க்கு மட்டுமோ பெண்டிர்க்கு மட்டுமோ உரியது. அதனைப் பாடநூலில் அச்சிட இயலாது.

சான்றிதழ் பெற்ற இளைஞர் உலங்கூர்தியில் அமர்ந்து தீப்பந்துகளை வீசலாம். எந்த மலைச்சரிவில் வீசலாம், எதனைத் தொடாது விடவேண்டும் என்பதை, அந்நிலத்திற்கு உரிமையுடைய குடும்பத்து மூத்தோரிடம் அவர் கேட்டறிந்த பின்னரே ஊர்தி எழும்.