இடம் மாறும் கண்

சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு பக்கமிருந்து திருக்கழுக்குன்றம் வரும் மீன் கூடையில் பழுப்பாக, தட்டையாக, சாண் நீளத்துக்கு ஒரு மீன் கிடந்தால் அதன் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிறிய கண்கள் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். புரட்டினால் மறுபக்கம் கண்ணே இல்லாமல் வெளுத்துக் கிடக்கும். நாக்குபோலக் கிடக்கும் இதற்கு நாக்கு மீன் என்பது சரியான பெயர்தான்.

இது ஊனம் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண்; நிமிர்ந்துதான் நீந்தும். வளரும்போது வலது கண் மெல்ல நகர்ந்து இடப்பக்கம் வந்து சேர்கிறது. மண்டை எலும்பும் அதற்கேற்ப முறுக்கிக்கொள்கிறது. பிறகு வலப்பக்கம் கீழே இருக்கும்படி கடலடியில் படுத்துவிடும். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் பக்கத்தில் கண் இருந்து என்ன பயன்?

உடம்பு முழுவதும் இதே கணக்குதான். தரையே வீடு என்பதால் வளர்ந்த மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. முதுகுத் துடுப்பு, வால், அடித்துடுப்பு மூன்றும் சேர்ந்து புடவைக் கரைபோல உடலைச் சுற்றி ஓடும். மூக்கு முனை கொக்கிபோல வளைந்து வாய்மேல் கவிந்திருக்கும். சேறும் மணலும் கலந்த அடித்தரையில் உடலை லேசாகப் புதைத்துக்கொண்டு புழுக்களையும் சின்னஞ்சிறு இறால் வகைகளையும் தின்று வாழும்.

மேல்பக்க நிறம் தரையின் நிறத்தோடு கலந்துவிடும். தட்டை மீன்களில் சில இதில் வியக்கவைக்கும் தேர்ச்சி பெற்றவை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் தன் குழுவினருடன் 1996-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெப்பக் கடல் தட்டை மீனைச் சதுரங்கக் கட்டம் போட்ட தரையில் விட்டார்கள். சில விநாடிகளில் அது தன் உடல் புள்ளிகளை அந்தக் கட்டங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது.

நம் கடலில் இதற்குப் பெரிய உறவுக்காரன் ஒன்றும் உண்டு: எருமை நாக்கு. தரங்கம்பாடி மீனை வைத்து 1801-இல் அதை விவரித்த ஐரோப்பியர்கள், நம்மவர் சொன்ன ‘எருமை’யையே அறிவியல் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். அதன் கண் முழுதாகக் கடந்து வராமல் தலையின் உச்சி விளிம்போடு நின்றுவிடுகிறது. கண் நடந்து வந்த வழியை அந்த மீனின் முகத்திலேயே பார்த்துவிடலாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பெரிய மீனின் கண்ணுக்குத் தப்ப நாக்கு மீனுக்கு உதவும் நிற மறைவு, தரையை வாரிக்கொண்டு போகும் இழுவலையிடம் பலிப்பதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவலை இழுக்கும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அடித்தரைக்கும் அதில் கிடக்கும் மீனுக்கும் அதுதான் ஓய்வு. அந்த நாள்களில் மீன் விலை ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.