முன் சக்கரமா, மூத்த மருமகளா?

டயரைப் பற்றிக் கட்டுரையா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! "அதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தவள்தான். அந்த நினைப்பை ஐப்பசி மாதத்து அடைமழை ஒன்று காரிமங்கலத்தில் கழுவிவிட்டுப் போய்விட்டது.

சேலத்தில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. பெங்களூரிலிருந்து என் தம்பி பிள்ளையின் காரில் புறப்பட்டோம். புதுத் தினுசுக் கார். டர்போ எஞ்சின், 150 குதிரை சக்தி என்று அவன் பெருமை பேசாத நாளில்லை. பின்ஸீட்டில் நானும், இரண்டு டின் லாடும், ஒரு டின் முறுக்கும். கிருஷ்ணகிரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

காரிமங்கலம் நெருங்கும் சமயம், தண்ணீர் தேங்கிய ஒரு வளைவில் வண்டி நுழைந்தது. முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காகத் திரும்பியது. பின்பக்கமோ, கோபித்துக்கொண்ட மாடு போல ஒருபுறமாக விலகிச் சென்றது! அடுத்த கணம் கார் குறுக்காக நின்று, சாலையோரச் சேற்றில் இறங்கி ஓய்ந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் புண்ணியவான், தூரத்திலேயே நிறுத்திவிட்டார். எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. லாடுகள்தாம் பூந்தியாக மாறியிருந்தன.

பஞ்சர் கடையில் ஒரு பாடம்

மெல்ல ஊருக்குள் வந்து ஒரு பஞ்சர் கடையில் ஒதுங்கினோம். மலைமேல் அருணேஸ்வரர் கோயில் மழைத்திரைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. கும்பிட்டுக்கொண்டேன். கடைக்காரர் நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார்.

"முன்னாடி ரெண்டும் புதுசு போல இருக்குதே?"

"போன வாரம்தான் மாற்றினோம்" என்றான் என் மருமகன்.

"பின்னாடி ரெண்டும் தேய்ஞ்சு கெடக்குது. யாருங்க இப்படிப் போட்டது?"

"டயர் கடையில்தான். முன் சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, அங்கேதான் புதுசு வேண்டும் என்றார்கள்."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, இதே நாலு டயரோட தொப்பூர் கணவாய் இறங்கவா போறீங்க?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. தருமபுரிக்கு அப்பால் தொப்பூர் இறக்கத்தில் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது அந்த வழியில் போகிற யாருக்கும் தெரியும். அதைவிட இன்னொன்று உறுத்தியது. போன வாரம், "நாலு டயர் எதற்கடா தண்டச் செலவு? தேய்ந்த இரண்டை மட்டும் மாற்று" என்று சிக்கனம் பேசியவள் சாக்ஷாத் நான்தான்!

ஒரே சம்பளம், மூன்று செலவு

அந்தக் காலத்து அம்பாஸிடரிலும் பியட்டிலும் எஞ்சின் முன்னால் இருந்தாலும் உருட்டுவது பின் சக்கரம். முன் சக்கரத்துக்கு வண்டியைத் திருப்புவதுதான் முக்கிய வேலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நம் நாட்டுக் குடும்பங்களிடையே முன் சக்கர இழுவையைப் பரப்பிய வண்டி அதுதான். இன்று வீட்டு வாசல்களில் நிற்கும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவை அந்த ரகமே.

முன் சக்கர இழுவைக் காரின் முன் டயர்கள் கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளைப் போல. வண்டியை இழுப்பதும் அவள், திருப்புவதும் அவள், பிரேக் போடும்போது பெரும்பங்கு பாரத்தைத் தாங்குவதும் அவள். எஞ்சினும் அவள் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பின் டயர்கள் பெரும்பாலும் சும்மா உருண்டு வருகின்றன. முன் டயர் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியம் என்ன?

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டை அளவுதான். அந்த இடத்தின் பிடிப்பை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பதற்கும் திருப்புவதற்கும் பிரேக்குக்கும் அந்த ஒரே சம்பளத்திலிருந்துதான் செலவு. ஆரம்ப காலத்து மாருதி 800-இன் எஞ்சினுக்கு 40 குதிரை சக்திகூடக் கிடையாது. எனவே சம்பளம் தாராளமாகப் போதும். 150, 160 குதிரைகளைக் கட்டி இழுக்கும்போது கதை வேறு. வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால், இழுப்பதற்கே முழுச் சம்பளமும் தீர்ந்துவிடும். திருப்புவதற்குக் கையில் காசு இராது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். சில வண்டிகளில் ஸ்டியரிங் தானாகவே ஒருபுறம் இழுப்பதும் உண்டு. போதாததற்கு, வேகம் எடுக்கும்போது பாரம் பின்னால் சாய்வதால் முன் சக்கரம் லேசாகி வெறுமனே சுழலும்.

ஆகையால், சக்தி மிகுந்த முன் இழுவைக் காருக்கு நல்ல டயர் ஆடம்பரம் அல்ல. அதுதான் வண்டியின் சம்பளம்.

அப்படியானால் புதுசு ஏன் பின்னால்?

நானும் இதையே கேட்டேன். கடைக்காரர் சொன்ன பதிலைப் பிறகு டயர் கம்பெனிகளின் குறிப்புகளிலும் கண்டேன். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். காலை மெதுவாக எடுத்தால் வேகம் குறைந்து மறுபடி பிடிப்பு வரும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும். அதைச் சமாளிக்கக் கை தேர்ந்த பந்தய ஓட்டுநர் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைக்கு எப்படி முடியும்?

புது டயரின் பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். தேங்கிய தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களின் வேலை. தேய்ந்த டயரால் அது முடியாது; தண்ணீரின் மேல் மிதக்க ஆரம்பித்துவிடும். எங்கள் வண்டியில் முன்னால் இருந்த புதுசு தண்ணீரைக் கிழித்துத் திரும்பியது. பின்னால் இருந்த பழசு மிதந்தது. சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவி வண்டியில் இருந்தது வாஸ்தவம். ஆனால், அதுவும் டயர் தரையைத் தொட்டால்தானே வேலை செய்யும்? தொப்பூர் மாதிரி இறக்கத்தில் பிரேக் போட்டால் பாரம் முன்னால் சாய்ந்து பின் சக்கரம் இன்னும் லேசாகும். கடைக்காரர் ஏன் பதறினார் என்பது அப்போது புரிந்தது.

முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிக் கொடுத்தார். "ஆனாலும் முன்னாடி இப்ப பழசுதானுங்க. சேலம் போய் இன்னும் ரெண்டு வாங்கற வரைக்கும் மெதுவாப் போங்க" என்றும் சொன்னார். கூலியோடு கொஞ்சம் உடைந்த லாடும் கொடுத்தேன்.

கடைக்குப் போகும்போது

புடவைக் கடையில் ஜரிகையை உரசிப் பார்க்கிறோம்; கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்குகிறோம். டயருக்கும் பார்க்க வேண்டிய காம்பு உண்டு. பக்கச் சுவரைப் படியுங்கள்.

205/55 ஆர்16 91வி என்று இருந்தால், 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 16 என்பது சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்குக் குறி. வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துக்குத் தகுதி. ஹெச் என்றால் 210, டி என்றால் 190. "யார் அந்த வேகத்தில் போகப் போகிறார்கள்?" என்று குறைந்த ரகத்தை வாங்காதீர்கள். கார் கம்பெனி குறித்த பாரக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் குறையாமல் இருக்க வேண்டும்.

டி.ஓ.டி. என்ற எழுத்துக்களுடன் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 3624 என்றால் 2024-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரம் பிறந்தது. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டாமல் இருக்க இதைப் பாருங்கள். தேயாவிட்டாலும் ரப்பர் நாளாக நாளாக இறுகிப் போகும். 5 வருஷத்துக்கு மேல் ஆனால் வருஷா வருஷம் காட்டிப் பரிசோதியுங்கள். 10 வருஷத்துக்கு மேல் எந்த டயரும் வேண்டாம்.

"அகலமாகப் போட்டால் அழகு, பிடிப்பும் அதிகம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். உலர்ந்த சாலையில் கொஞ்சம் வாஸ்தவம்தான். ஆனால், தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும். திருப்பும்போது மட்கார்டில் உரசவும் கூடும். கம்பெனி சொன்ன அளவே உத்தமம். இழுத்த இழுப்புக்கு ஸ்டியரிங் ஆடும் வண்டிக்கு, அகலத்தைக் கூட்டுவதைவிட மிருதுவான, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் ரப்பராகக் கேட்பது மேல். மிருதுவான ரப்பர் கொஞ்சம் சீக்கிரம் தேயும். தேயட்டுமே! ரப்பர் தேய்வது மேலா, நாம் தேய்வது மேலா?

நாலும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருப்பது நல்லது. ஒரே அச்சில் இரண்டு தினுசு கூடவே கூடாது. அம்புக்குறி இருந்தால் அது உருளும் திசை. அதற்கேற்ப மாட்டினார்களா என்று பாருங்கள். புது டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போகச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியது

பள்ளத்துக்குள் சிறு சிறு மேடுகள் தெரியும், பக்கத்தில் டி.டபிள்யூ.ஐ. என்று குறியிருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படியே மாற்றியாக வேண்டும். மழைப் பிரயாணத்துக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது.

மாதம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்று பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். காற்றுக் குறைந்த டயர் மடங்கி மடங்கிச் சூடேறித்தான் சித்திரை வெயிலில் வெடிக்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் முன் டயரும் பின் டயரும் இடம் மாறட்டும். மூத்த மருமகளுக்கும் ஓய்வு வேண்டாமா? நாலும் ஒருசேரத் தேயும், ஒருசேர மாற்றலாம், என் மாதிரி "இரண்டு போதும்" என்று சொல்ல நேராது.

இன்னும் ஒரு விஷயம்

காற்றடைத்த டயரை உலகத்தில் பரப்பியவர் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை வைத்தியர். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்றுதான் அதைச் செய்தார். 1934-இல் பிரான்ஸில் முன் சக்கர இழுவைக் காரைப் பெருவாரியாகத் தயாரிக்க ஆரம்பித்த சிட்ரோயன் கம்பெனி கடனில் மூழ்க, அதை ஏற்றுக்கொண்டது மிஷலின் என்ற டயர் கம்பெனி! இன்று எல்லாக் கார்களிலும் ஓடும் ரேடியல் டயருக்கு 1946-இல் காப்புரிமை பெற்றதும் அதே மிஷலின்தான். அதே 1946-இல் நம் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்து புறப்பட்டதுதான் எம்.ஆர்.எஃப். பிற்பாடு 1961-இல் அங்கே டயர் உருள ஆரம்பித்தது. பார்த்தீர்களா? மூன்று சக்கர வண்டி, பலூன் என்று எல்லாம் குழந்தையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

தொப்பூரை இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலுமாக இறங்கினோம். என் மருமகன் வாயே திறக்கவில்லை. ஓமலூர் வந்ததும்தான், "அத்தை, நாளைக்கு இன்னும் இரண்டு டயர் வாங்கிவிடலாமா?" என்றான்.

"கடைக்கு நானும் வருகிறேன்" என்றேன். அன்றுவரை டயர் கடை வாசலை மிதித்ததில்லை. மறுநாள் போய், பிறந்த வாரத்தைப் பார்த்து, அம்புக்குறியைப் பார்த்து, கடைக்காரப் பையன் விழித்துக்கொண்டு நிற்க, இரண்டு வாங்கி வந்தேன். நாலாக வாங்கியிருந்தால் ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலை ஆகியிருக்கும். வளைகாப்பில் எல்லோரும் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லாடு ஏன் பூந்தியாக இருக்கிறது?"